சேதாரம்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
கேபிளை எடைபோடச் சொன்னேன்.
முனிராஜப்பா சிரிக்கவில்லை.
கிரேட்டை இறக்கிவிட்டுச் சுருளை வைத்தார்.
தடித்தது, பத்து மீட்டர்: ஒன்றரைக் கிலோ.
மெல்லியது, அதே பத்து மீட்டர்:
தராசு கண்டுகொள்ளவே இல்லை,
சுழியம் அப்படியே நின்றது.
"இதென்ன, பூக் கட்டற நாரா?"

நார்தான்.
ஐந்து வாட்டை வாங்கிக்கொண்டு
ஏரியலுக்கு நாலைத்தான் கொடுக்கும்.
ஒன்றை வழியிலேயே சூடாக்கித் தின்றுவிடும்.
நூற்றுக்கு இருபது,
நகைக்கடைச் சேதாரம்.

ராத்திரி முழுக்கக் கணக்கு:
டெசிபல் ஒரு பக்கம்,
என் இடது முழங்கால் ஒரு பக்கம்,
நடுவில் கோட்டைப் படிகள்.
விடியும்போது தடித்ததை ஆணியில் மாட்டிவிட்டு
அதன் எடைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

உச்சியில், இடிந்த மதிலோடு
மீன்பிடிக் கழியைச் சேர்த்துக் கட்டினேன்.
நார் தொங்கியது, கழி வளையவில்லை.
தடித்தது என்றால்
கீழே போகும் ரயிலுக்குக் கும்பிடு போட்டிருக்கும்.

நாற்பது மீட்டரில் கூப்பிட்டேன்.
பதினோரு மணி வெயில். இரைச்சல்.
கர்நூலிலிருந்து ஒரு குரல்
என் அழைப்புக்குறியில் முதல் பாதியைப் பிடித்தது,
மறுபாதியைத் திருப்பிக் கேட்டது,
சொல்லச் சொல்ல
அமிழ்ந்துபோனது.

அந்த ஒரு வாட்டு
இப்போது எங்கே இருக்கும் என்று
கேபிளைத் தொட்டுப் பார்த்தேன்.
சுட்டது.
வெயிலாகவும் இருக்கலாம்.

கீழே இறங்கவில்லை.
மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும்.
பாட்டிலில் இன்னும்
பாதிக்குமேல் இருந்தது.