வீடு மட்டும் எனக்கு

நிலம் கொழுந்தனுக்கு, வீடு எனக்கு
என்று வாசித்துவிட்டு நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார்.
சிலோயே தீவில் இதற்கு ஒரே அர்த்தம்:
வீடு கிளம்பவேண்டும்.

மற்ற ஊர்களில் மனிதர்கள் போவார்கள், வீடு நிற்கும்.
இங்கே அடியில் இரண்டு மரத்தடி செருகி
ஒன்பது ஜோடி மாடு பூட்டி
கரைவரை இழுப்பார்கள்.
பிறகு ஓதம் ஏறக் காத்திருந்து
படகில் கட்டி அக்கரைக்கு.

"அப்புறம் எதற்கம்மா மூட்டை கட்டுகிறாய்?
எல்லாம்தான் உள்ளேயே வருகிறதே"
சான்டியாகோவிலிருந்து மகள் போனில் சிரிக்கிறாள்.
மாடு இழுக்கும் வீட்டை அவள் பார்த்ததில்லை.
ஒவ்வொரு மேட்டிலும் அது தும்மும்.

வாழைப்பழ அட்டைப்பெட்டி நான்கு,
எர்சீராவிடம் இரவல் வாங்கிய மீன்கூடை இரண்டு.
பேப்பர் போதாமல்
நூற்காத கம்பளியில் கோப்பைகளைச் சுற்றினேன்.
பன்னிரண்டு கோப்பை,
பதினொன்றுக்குத்தான் காது.
எண்ணெய்ப் பிசுக்கோடு வாணலி,
மூடி தொலைந்த கெட்டில்,
கெட்டில் தொலைந்த மூடி.
(இரண்டும் பொருந்தாது. பார்த்துவிட்டேன்.)
உத்தரத்தில் புகையேறித் தொங்கும் சிப்பிச்சரத்தை மட்டும்
அவிழ்க்கவில்லை.
ஆடிக்கொண்டே வரட்டும்.

அடுப்போடு போனால்
வீடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கடலைக் குடிக்கும் என்றார்கள்.
நான்கு பேர் இரும்பு அடுப்பைத் தூக்கினார்கள்.
புகைக்குழாய் தன் முப்பது வருஷத்துக் கரியை
என் தலையில் கொட்டியது.

அடியில் கிடந்தது,
துருப்பிடித்த எலிக்குஞ்சு போல,
நொல்பெர்த்தோவின் மடக்குக் கத்தி.
கொம்புப் பிடி. சூட்டுக்கோலால் இட்ட முதலெழுத்து.

இருபத்தோரு வருஷம்.
இதற்காகத்தான் அவன் என் ரொசாமெலைத் திருடன் என்றான்.
இதற்காகத்தான் ரொசாமெல் தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை.
அண்ணன் சாவுக்கு அவன் வந்தான்,
வாசலோடு.

கரண்டிகளோடு வைத்தேன்.
எடுத்தேன்.
ஏப்ரன் பைக்குள் போட்டேன்.

மறுநாள் விடிவதற்குள் வந்து நின்ற
முதல் ஜோடி மாடு அவனுடையது.
யாரும் கூப்பிடவில்லை.
மிங்கா என்றால் ஊரே வரும், பகையும் வரும்,
கூலி கிடையாது,
சாப்பாடு போடவேண்டும்.
அடுக்களையைக் கட்டிவைத்த அதே நாளில்
அறுபது பேருக்குச் சமையல்.
இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நிச்சயம் ஆண்பிள்ளை.

வீடு முனகிக்கொண்டு நகர்ந்தது.
நின்ற இடத்தில்
புல் முளைக்காத ஒரு நீள்சதுரம்,
அதில் அடுக்களை எதுவென்று என் காலுக்குத் தெரியும்.
சட்டப்படி அது இப்போது அவன் மண்.
கேட்காமலே குழி தோண்டினேன்.
சிவக்கச் சுட்ட கல், அதன்மேல் சிப்பி, பன்றிக்கறி, உருளைக்கிழங்கு,
குடைபோல நல்கா இலை,
மேலே புல்லோடு வெட்டிய மண்.
மண் வியர்க்க ஆரம்பித்தது.

அவன் தட்டை நீட்டியபோது
கறிக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தேன்.

பார்த்தான்.
திறக்க வரவில்லை.
பன்றிக் கொழுப்பைத் தடவி
நகத்தால் நெம்பி, மெதுவாக,
பாதிவரை திறந்தான்.
அந்தப் பாதியால் கறியை அறுத்தான்.
"எங்கே இருந்தது?"
"அடுப்புக்கு அடியில்."
நெடுநேரம் மென்றான்.
"இன்னும் கொஞ்சம் வேகணும், அண்ணி" என்றான்.

வெந்துதான் இருந்தது.
இருந்தாலும் இலையைத் திரும்ப மூடினேன்.

சாயங்காலம் ஓதம் வந்து வீட்டைத் தூக்கியது.
படகிலிருந்து திரும்பிப் பார்த்தேன்,
என் ஜன்னலுக்குள் சிப்பிச்சரம்
கடலைப் பார்த்தபடி ஆடியது.

அக்கரையில் முதல் பெட்டியைப் பிரித்தேன்.
பதினோரு காதும் பத்திரம்.
உப்பு ஜாடியை எதில் வைத்தேனோ.
சுற்றிலும் கடல்.
நான் உப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.