கல் வைத்த நட்சத்திரங்கள்

சந்தூர்ச் சாலையில் மாங்கூழ் தொழிற்சாலை,
மே மாதம், இரண்டாம் ஷிஃப்ட்.
பட்டை ஓடுகிறது, பழம் ஓடுகிறது.
நல்லது இந்தப் பக்கம், அழுகல் அந்தப் பக்கம்,
கல் வைத்துப் பழுத்தது சிவப்புக் கூடைக்கு.
நிமிடத்துக்கு அறுபது பழம்.
என் கை யோசிப்பதில்லை.

ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மணி.
வலக்கை களியைப் பிட்டுக்கொண்டிருக்க
இடக்கைக் கட்டைவிரல் லேப்டாப் தேடும்.
இருபத்திரண்டாயிரம்தான் இருப்பு:
சீட்டுப் பணம், ஓவர்டைம்,
கொலுசை அடகு வைப்பதில்லை என்ற பிடிவாதம்.

ரவுண்டானா பக்கத்துக் கடையில் இருபத்தெட்டு.
பை இலவசம் என்றார்.
பைக்கே ஆறாயிரமா அண்ணா என்று கேட்டுவிட்டு
பஸ் ஏறிவிட்டேன்.

போனில் முதல் கடை
பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
'இன்னும் இரண்டே உள்ளது' என்றது திங்கட்கிழமை.
வியாழன் வந்தும் அதே இரண்டு.
ஆயிரத்து நூறு பேர் ஐந்தைந்து நட்சத்திரம் கொடுத்து
அருமை, அருமை, மிக அருமை என்கிறார்கள்.
அத்தனை பேரும் ஒரே செவ்வாய்க்கிழமையில்
அருமைப்பட்டிருக்கிறார்கள்.
கீழே ஒரு கதவெண், ஒரு தெரு.
வரைபடத்தில் விரலால் நடந்து போனேன்.
வேலிக்காத்தான் மண்டிய காலி மனை.
ஓர் ஆடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பல்கீஸ் எட்டிப் பார்த்தாள்.
'நல்லா மினுக்குதேக்கா, போட்டுறலாம்ல?'
நான் சிவப்புக் கூடையைக் காட்டினேன்.
வைக்கோலில் பழுத்தது
காம்போரம் கொஞ்சம் பச்சை வைத்திருக்கும்,
கன்னத்தில் ஒரு மச்சமாவது இருக்கும்.
மேலிருந்து கீழே ஒரே மஞ்சள் என்றால்
நீயே எந்தக் கூடையில் போடுவாய்?

இரண்டாம் கடை கோயம்புத்தூரில்.
இருபத்தோராயிரத்து நானூற்றைம்பது.
மூன்றே முக்கால் நட்சத்திரம்.
சார்ஜர் சுடுகிறது என்று ஒருவர் திட்டியிருந்தார்.
பெட்டி நசுங்கியது என்று இன்னொருவர்.
ஊத்தங்கரைக்காரர் ஒருவர்:
'எட்டு நாள் ஆச்சு. ஆனா வந்துச்சு.'
அந்த 'ஆனா'வில் நெடுநேரம் நின்றேன்.
திட்டிய ஒவ்வொருவருக்கும் கீழே
கடைக்காரர் கைப்பட எழுதிய பதில்:
'மன்னிகவும், மாத்தி தறோம்.'

அழைத்தேன். நாலாவது மணியில்
ஓர் இருமல் எடுத்தது.
கிருஷ்ணகிரியில் சர்வீஸ் உண்டா?
'இல்லீங்க. ஓசூர்தான் போகணும்.'
டேலி ஓடுமா?
'ஓடுமுங்க. ஆனா கொஞ்சம் சோம்பேறி மெசினு.
ஒரே நேரத்துல நாலு வேலை சொல்லாதீங்க.'
தன் சரக்கைச் சோம்பேறி என்று சொல்லும் வியாபாரியை
ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலும் நான் கண்டதில்லை.

பொருள் வந்ததும் பணம் தரலாமா என்றேன்.
பின்கோடு கேட்டார். தட்டிப் பார்த்தார்.
'உங்க ஊருக்கு அந்த வசதி வரலீங்க.
முன்னாடியே கட்டணும்.'

அன்று தூங்கவில்லை.
ஆட்டை நினைத்தேன், இருமலை நினைத்தேன்.
இருமலுக்கும் ஆள் வைக்க முடியாதா என்ன?
விடிந்ததும் அட்டையின் பதினாறு எண்ணையும்
ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
ஓடிபி வந்தது.
மிச்சம் ஐந்நூற்றைம்பது.

இன்று ஆறாவது நாள்.
சேலம் தாண்டியது என்கிறது குறுஞ்செய்தி,
நேற்றிலிருந்து அதையே சொல்கிறது.
தொப்பூர் மேட்டில் எந்த லாரிக்குப் பின்னால் நிற்கிறதோ.
கடைக்கு மறுபடி அழைக்கலாம்.
எடுக்காவிட்டால்?
அதனால்தான் அழைக்கவில்லை.

மணி அடித்தது. பட்டை ஓடுகிறது.
பல்கீஸ் என் கையைத் தட்டினாள்.
நாட்டுவாக்கில் பழுத்த செந்தூரா,
காம்போரம் பச்சை, கன்னத்தில் மச்சம்.
அதைச் சிவப்புக் கூடையில் போட்டிருக்கிறேன்.

குனிந்து எடுத்தேன்.
அதற்குள் இருபது பழம் போய்விட்டது.