கடைவாய்

திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று தெரியாமல்
ஒருமுறை வந்து திரும்பியிருக்கிறேன்.
இன்று வியாழன். எனக்கு லீவு.
பாலிகிளினிக்கில் நான்காம் அறை நாற்காலியருகே
எச்சில் உறிஞ்சும் குழாயை
இந்நேரம் வேறொருத்தி பிடித்துக்கொண்டிருப்பாள்.

கிளமெண்டியில் தொண்ணூற்றாறு ஏறிக்
கெண்ட் ரிட்ஜ் மேட்டில் இறங்கினால்
பாறைபோல் ஒரு கட்டடம்,
வெடித்த இடுக்கில் செடி முளைத்து நிற்கிறது.
சொத்தை, என்று நினைத்தேன் முதலில்.
தொழில் அப்படி.

உள்ளே மூன்று டைனோசர்கள்.
எல்லாரும் கழுத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்,
வால் எங்கே முடிகிறதென்று நடந்துபோய்ப் பார்க்கிறார்கள்.
நான் வாயைத் தேடினேன்.
முன்வரிசையில் மட்டும்
பென்சில் பென்சிலாகப் பற்கள்.
கடைவாய் காலி.
மெல்லாமல் விழுங்கியே
இத்தனை நீளம் வளர்ந்திருக்கின்றன.
"நல்லா மென்னு சாப்பிடுங்க" என்று
நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறவள் நான்.
இதை வெளியே சொல்லப்போவதில்லை.

விழுந்த பல்லுக்கு மாதத்தில் மறுபல் வருமாம்.
நல்லபெருமாள் ஐயா கேட்டால் அழுதுவிடுவார்,
பல்செட்டுக்கு மூன்றாம் தடவையாக
அளவு கொடுத்துவிட்டுக் கஞ்சி குடிக்கிறார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள்,
கையில் கேள்வித்தாள், கழுத்தில் பெயர் அட்டை.
ஹைக்கல் என்றொருவன்
விடை எதையும் எழுதாமல்
ஆடும் பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி நின்றான்.
இரண்டு நாள், என்று கணக்குப் போட்டேன்.
ஆப்பிள் கடித்தால் இன்றைக்கே.

அந்தப் பக்கம் திமிங்கிலம்.
ஜூரோங் கடலில் செத்து மிதந்தவள்.
பெண் என்று எழுதியிருந்தது.
கீழ்த்தாடையில் மட்டும் பல்.
வயிற்றைத் திறந்தபோது கணவாய் அலகுகள்,
கூடவே பிளாஸ்டிக் கோப்பை.
கோப்பை என்று படித்ததும்
என் கை சும்மா இருக்கவில்லை, நீண்டது.
எங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலும் அதுதான் இருக்கும்.
கொப்பளித்துத் துப்புங்க என்போம்.
இவளிடம் யாரும் சொல்லவில்லை,
விழுங்கிவிட்டாள்.

புலியின் மண்டையோட்டிடம்
நான் போனது தற்செயலாகத்தான்.
கேம்பியர்த் தோட்டங்கள் இருந்த காலத்துப் புலி.
சுடப்பட்ட ஆண்டு, இடம்,
கொடுத்தவர் பெயர்
எல்லாம் அட்டையில் உண்டு.
இடது கோரைப்பல்லுக்கு மேலே
சுண்டுவிரல் நுழையும் ஓர் ஓட்டை.
குண்டு துளைத்தது என்று
பக்கத்தில் ஒருவர் மனைவிக்கு விளக்கினார்.

இல்லை.
குண்டின் விளிம்பு முறிந்திருக்கும்.
இது வழவழவென்று தேய்ந்திருக்கிறது.
சீழ், உள்ளிருந்து அரித்து,
எலும்பைத் திறந்து வெளியே வந்த வழி.
ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்.
ஒரு வருஷம் வலப்பக்கமாகவே
கடித்து, இழுத்து, தூங்காமல்,
தாடையை ஈரமண்ணில் வைத்து
அழுத்திக்கொண்டு கிடந்திருக்கும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே சொல் எல்லாம் போய்
பல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

அது கொன்ற கூலிகளின் பெயர்
அட்டையில் இல்லை.
அதுவும் எனக்குத் தெரிகிறது.
வலித்தது என்பதற்காக
யாரை மன்னிப்பது, நான் யார் மன்னிக்க.
ஆனாலும் வாய்க்குள் வந்துவிட்டது வழக்கமான வாக்கியம்:
கொஞ்சம்தான், இதோ முடிஞ்சிடும்.

"மிஸ், கண்ணாடி" என்றார் காவலர்.
என் மூச்சு பட்டுப்
புலியின் முகம் மறைந்திருந்தது.
சட்டைக் கையால் துடைத்து, சாரி சொன்னேன்.
முகமூடி இல்லாமல்
ஒரு வாய்க்கு இத்தனை அருகில் போய்
வெகுநாளாகிறது.

திரும்பும் பஸ்ஸில்
மேல்தளம், முன் இருக்கை, மழை.
நாக்கு கேட்காமலே போய் நின்றது
இடது கடைவாயில்,
டாக்டர் செங் உட்பட
மூன்று மாதமாக யாரிடமும்
நான் திறந்து காட்டாத இடத்தில்.