எழுபத்தைந்து டாலர்

மினசோட்டாவில் நள்ளிரவு என்றால்
நாரினில் நண்பகல்.
கெடு அங்கே இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது,
இங்கே சாப்பாட்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்பு.
அதனால்தான் பெர்மெட் அந்தப் படிவத்தை
ஆட்டுக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்து நிரப்பினாள்.

திரையில் இரண்டு ஜன்னல்கள்.
ஒன்றில் தாலாய்பெக்கின் நாற்பது ஆடுகள்,
வட்டி, ஜாமீன், குளிர்காலத் தீவனம்.
மற்றதில்,
உங்கள் படிப்பில் விழுந்த இடைவெளியை விளக்கவும்.
ஆறு வருடத்துக்கு
நூற்றைம்பது சொற்கள் கொடுத்திருந்தார்கள்.
தாராளம்தான்.

முதலில் கல்யாணத்தை எழுதினாள்.
பிறகு அழித்தாள்.
"கோர்ட்டில் அழிக்க இரண்டு வருடம் ஆச்சு,
இது ஒரு பொத்தான்" என்றாள்.
அப்புறம் பனியாற்றை எழுதினாள்.
ஆகஸ்ட் தோறும் சம்பளமில்லாத விடுப்பில் ஏறிப்போய்
பனியில் நட்ட ஏழு கழிகளை அளந்ததை.
"இது இடைவெளியா, வேலையா?"
நான் ரசீதில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

மணி பதினொன்றரை.
தாலாய்பெக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.
"முப்பத்தொன்பது என்று போடம்மா.
நேற்று ராத்திரி ஓநாய் வந்துபோச்சு."
ஒரு ஆடு குறைந்தால் கடனும் குறையும்,
அது அவருக்குத் தெரியும்.

பெர்மெட் அவர் கணக்கைத் திருத்தினாள்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.
பிறகு அடுத்த ஜன்னலுக்குப் போய்
ஏழு கழிகளை ஆறாக்கினாள்.
ஏழாவது, போன கோடையில்,
நிற்கப் பனியில்லாமல்
பாறைமேல் படுத்துக் கிடந்ததாம்.

கட்டணம் எழுபத்தைந்து டாலர்.
விலக்குக் கேட்டுப் போட்ட கடிதத்துக்குப் பதிலே இல்லை.
அவள் கார்டு எல்லை தாண்டாது.
கிளையிலேயே தாண்டுவது என்னுடையது ஒன்றுதான்,
பையனுக்குத் துருக்கியிலிருந்து பூட்ஸ் வாங்க எடுத்தது.
பதினாறு எண்களையும்
மேலாளர் காதில் விழாதபடி முணுமுணுத்தேன்.
கார்டில் உள்ளபடி பெயர் கேட்டது.
ஜில்டிஸ் அசனோவா.
என் பெயரை அவள் தட்டச்சிட்டாள்
ஒரு பிழையில்லாமல்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பச்சையாக ஏதோ வந்தது.
அவள் கத்தவில்லை.
"அடுத்து யார்?" என்றாள் வரிசையைப் பார்த்து.

எனக்கும் ஒரு பட்டம் இருக்கிறது, வேதியியல்.
ஸ்கேன் செய்து அனுப்பு என்று
அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் கணக்கறிக்கை வந்தது.
நிலக்கரி, பூட்ஸ், பல்மருத்துவர்,
நடுவில் அந்தப் பல்கலைக்கழகத்தின் நீளமான பெயர்.
தாளின் தலையில் என் பெயர்.
மூன்று தவணையில் அவள் பணத்தைத் தந்துவிட்டாள்,
பதில் மார்ச்சில்தான் வருமாம்.
"இது என்ன?" என்று விரல் வைத்தார் கணவர்.
விண்ணப்பம், என்றேன்.
யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.