அச்சிட்ட திகதி

விற்பி நீதிமன்றத்தில் அன்று முப்பத்தோராவது ஆள் நான்.
முப்பதாவது ஆள் சிவப்பு விளக்கைக் கடந்தவர்.
குற்றத்தை ஒப்புக்கொண்டு, கதிரையிலிருந்த தொப்பியையும் எடுத்துக்கொண்டு
இரண்டு நிமிடத்தில் போய்விட்டார்.
எனக்கு அப்படி முடியாது.
என்னிடம் தாள்கள் இருந்தன.

பதினொரு தாள்கள். ஏஜாக்ஸ் நூலகத்தில்
தாளுக்கு இருபது சதம் போட்டு எடுத்தவை.
நகரசபை இணையத்தளம், வேக வரம்பு அட்டவணை,
நான்காம் பக்கத்தில் நான் மஞ்சள் பூசிய வரி:
கிளென்மோர் வீதி, பாலத்திலிருந்து தண்டவாளம் வரை,
ஐம்பது.

பொலிஸ்காரர் எழுதியது நாற்பது.
நான் போனது ஐம்பத்திரண்டு. மறைக்கவில்லை.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து,
கோவால்ஸ்கி ஐயாவின் சவர நுரை இன்னும் கையில் மணக்க
வந்துகொண்டிருந்தேன்.
நாற்பதென்றால் பன்னிரண்டு பிழை, ஐம்பதென்றால் இரண்டு.
இரண்டுக்கு ஒருவரும் மறிப்பதில்லை.

நீதவான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.
"இதை யார் உறுதிப்படுத்தியது?"
மொழிபெயர்ப்பாளர் ஞானச்செல்வர்
அதைத் தேவைக்கு மேல் மரியாதையாய்த் தமிழாக்கினார்.
"உங்கட அரசாங்கம்தான்" என்றேன்.
அவர் அதை "நகரசபை" என்று ஆங்கிலத்தில் ஒப்படைத்தார்.
அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும்.

அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினாள்,
என் மூத்தவளைவிட இரண்டு வயது கூட இருக்கும், தடிமன் குரல்.
தாளின் அடியில், மூலையில்,
எறும்பு எழுத்தில் விரலை வைத்தாள்.
அச்சிட்ட திகதி, நவம்பர் பதினான்கு.
"சம்பவம் நடந்தது ஒக்டோபர் ஒன்பது.
நவம்பரில் சட்டம் என்னவென்று இந்தத் தாள் சொல்கிறது.
ஒக்டோபரில் என்னவென்று சொல்லவில்லை."

சரிதான்.
ஒரு மாதத்தில் எதுவும் மாறும்.
எனக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் இப்படி ஒரு தாளை நான் முன்பும் கண்டிருக்கிறேன்.
பதின்மூன்று வருடத்துக்கு முன், ஜன்னலில்லாத ஓர் அறை,
என் அகதி வழக்கு.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
ஓர் அரசாங்க இணையப் பக்கத்தை அச்சிட்டு வைத்திருந்தார்:
'நிலைமை சீரடைந்துள்ளது.'
அதன் மூலையிலும் எறும்புகள்,
எட்டு மாதப் பழைய எறும்புகள்.
யார் உறுதிப்படுத்தியது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.
சீரடைந்தது எங்கள் ஒழுங்கையா, கொழும்பு ஹொட்டேல்களா?
நானும் கேட்கவில்லை. கேட்கலாமென்று தெரியாது.
என் முழங்கைத் தழும்புக்கு மட்டும்
வைத்தியரின் கையொப்பம் வேண்டுமென்றார்கள்.

இதை ஞானச்செல்வரிடம் நான் சொல்லவில்லை.
வேக வரம்புக்கு இது சம்பந்தமில்லை.

வழக்கு மார்ச் ஆறுக்குப் போனது.
உறுதிசெய்த பிரதி வாங்கி வரட்டாம்.

வியாழக்கிழமை நகரசபைக்குப் போனேன்.
கவுண்டரில் இருந்த பெண்
அதே இணையத்தளத்தைத் திறந்தாள், அதே நான்காம் பக்கம்.
அச்சு இயந்திரம் நூலகத்தில் முனகியது போலவே முனகியது.
பிறகு லாச்சியிலிருந்து குறடு போன்றதொன்றை எடுத்துத்
தாளின் மூலையைக் கடிக்கவிட்டாள்.
நிறமில்லாத வட்டம். தடவினால்தான் தெரியும்.
பன்னிரண்டு டொலர்.

"ஒக்டோபர் ஒன்பதிலும் இதுதான் என்று எழுதித் தரமுடியுமா?"
ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஞானச்செல்வர் இல்லாமல்.
உள்ளே போனவள் கால் மணித்தியாலம் கழித்து வந்தாள்.
கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்:
'நிறைவேற்றியது 2009 மே மாதம். அதன்பின் மாற்றமில்லை.'

காருக்குள் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.
அந்த மாதம் இங்கே ஒரு மேசையைச் சுற்றியிருந்து
பாலத்திலிருந்து தண்டவாளம் வரை எவ்வளவு வேகமென்று பேசி,
கை உயர்த்தி, எண்ணி,
யார் யார் உயர்த்தினார்கள் என்றும் எழுதி வைத்திருப்பார்கள்.
கேட்டால் பன்னிரண்டு டொலருக்குத் தருவார்கள்.

கிளென்மோர் வீதியால்தான் திரும்பினேன்.
நாற்பதில் போனேன்.
பின்னால் வந்தவன் தண்டவாளம் வரை ஹோர்ன் அடித்தான்.