கொம்பும் காலும்

குடும்ப விபரப் படிவத்தில்
தொழில் என்ற கோட்டுக்கு மேல்
கிராம உத்தியோகத்தரின் பேனை நின்றது.
"புறோகிராமர் சேர். தனியா. வீட்டில இருந்து."
"கம்பனி?"
"இல்ல."
கொஞ்சம் யோசித்தார், நல்ல மனிசன்தான்,
'வீட்டுப்பணி' என்று எழுதிவிட்டு
அடுத்த படலையைத் திறந்தார்.

அது மார்கழி.
துறைநீலாவணை வீதியில் முழங்கால் தண்ணீர்.
வேலை தேடும் என் பக்கத்தில் அப்போது எழுதியிருந்தது:
இணையத்தளம், செயலி, தரவுத்தளம், லோகோ,
தேவையென்றால் தட்டச்சும்.
எல்லாம் செய்வேன்.

எல்லாம் செய்கிறவளை
ஒருவரும் ஒன்றுக்கும் கூப்பிடவில்லை.

நாற்பத்தொரு விண்ணப்பம், ஒரு பதில்.
மெல்பேர்னில் ஒரு பல் வைத்தியர்
பாதி விலைக்குக் கேட்டார். ஓமென்றேன்.
பிறகு அதிலும் பாதி. அதற்கும் ஓம்.
முடித்துக் கொடுத்ததும்
ஐந்து நட்சத்திரம் போட்டார்.
காசு போட மறந்துபோனார்.

மருதமுனையில் அஸ்மீர் காக்காவின் புடவைக்கடை.
தம்பிக்குக் காற்சட்டைத் துணி வாங்கினேன்.
பில்லில் துணி இல்லை. விலை இருந்தது.
மற்றதெல்லாம் பெட்டி, பெட்டி, பெட்டி.
"தமிழில அடிச்சா இப்பிடித்தான் கக்குது புள்ள.
இங்கிலீசில அடிச்சா சனம் சண்டைக்கு வருகுது."

வெள்ளிக்கிழமை கடை பூட்டு.
அன்றைக்கு மட்டும் மெசினை இரவல் தந்தார்.

முதல் வெள்ளி, பெட்டி போய்க் கேள்விக்குறி வந்தது.
இரண்டாம் வெள்ளி எழுத்தே வந்தது, ஆனால்
பொலியெஸ்டரில் 'ப' தனியே நிற்க
அதற்குப் பின்னால் கொம்பும் காலும்
ஒரு வெற்று வட்டத்தைக்
காவிக்கொண்டு நின்றன.
மூன்றாம் வெள்ளி கரண்ட் இல்லை.

நாலாம் வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு
சட்டென்று விளங்கியது:
இதுக்குத் தமிழ் தெரியாது.
தெரியத் தேவையுமில்லை.
தெரிந்தது புள்ளி மட்டும்,
வரிக்கு முந்நூற்று எண்பத்து நாலு.
சொல்லாய் அனுப்பாதே, படமாய் அனுப்பு.
கிறீச்சென்று ஏறி வந்தது துண்டு:
பொலியெஸ்டர், இரண்டரை யார்.
கையில் பிடித்தேன். சூடாக இருந்தது.

அன்றிரவு என் பக்கத்தை அழிக்கத் தொடங்கினேன்.
லோகோ போனபோது ஒன்றுமில்லை.
தட்டச்சு போனபோது சந்தோசம்.
செயலியில் விரல் நின்றது.
வந்தாறுமூலையில் அதற்குத்தான் 'ஏ' தந்தார்கள்.
கொழும்பிலிருந்து ஜெயவதனி கோல் எடுத்தாள்:
"உலகம் எங்கயோ போகுது.
நீ பில் துண்டில நிக்கிறாய் என்னடி?"
பதில் இருக்கவில்லை. அழித்தேன்.
மிச்சம் ஒரே வரி:
பில் மெசினில் தமிழ் வரவைப்பேன்.

பத்தொன்பது நாள்
வயிற்றில் கல்.

பிறகு ஸ்காபரோவில் ஒரு மளிகைக்கடை,
கிள்ளானில் ஒரு மருந்துக்கடை,
சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை.
அம்பாறை நகரத்து ஹாட்வெயார்காரர்
சிங்களத்தில் வருமா என்றார்.
தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்த்தேன். அங்கேயும்
எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது ஒரு வளைவு.
பெயரைக் கேட்டேன்.
"கொம்புவ" என்றார்.
போனைக் காதில் வைத்தபடி
தனியே இருந்து சிரித்தேன்.

இப்போது மேசையில்
கல்லடி நகைக்கடை ஒன்றின் மெசின்.
எல்லாம் வருகிறது. ஸ்ரீ மட்டும் உடைகிறது.
கண்ணுக்கு ஒரு ஸ்ரீதான்,
உள்ளே இரண்டு விதமாய் எழுதி வைத்திருக்கிறார்கள்.
கடையின் பெயரே அதில்தான் தொடங்குகிறது.
பத்து மணிக்கு ஆள் வருவார்,
இந்த முறை முழு விலை.

பெரிய ரோட்டில் முதல் பஸ் போகும் சத்தம்.
ஸ் ஒரு பக்கம், ரீ ஒரு பக்கம்.
துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு
இன்னொருக்கா அனுப்பிப் பார்க்கிறேன்.