இரண்டாம் வகுப்புக்குக் காசில்லை

எல்லை தாண்ட நான்கு நிமிடம்.
நீலப் பலகை ஒன்று, வரிசையாகப் பெட்ரோல் பங்குகள்,
அதற்குள் வேறு நாடு.
ரோடாஞ்ச் ஸ்டேஷனில் காரை நிறுத்தி
கிஸ்லேன் பூட்டினான்.
பத்தடி நடந்தபின் திரும்பிப் போய்
கைப்பிடியை இழுத்துப் பார்த்தான்.
வேலை போனதிலிருந்து
எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறான்.

லக்ஸம்பர்க்கில் ரயிலுக்குக் காசில்லை,
பஸ்ஸுக்கு இல்லை, டிராமுக்கும் இல்லை.
எத்தனை சொல்லியும் பசீல் நம்பவில்லை.
டிக்கெட் இல்லாவிட்டால் இறக்கிவிடுவார்கள் என்பது
ஐந்து வயதுக்குள் அவன் கற்ற சட்டம்.
முந்தின இரவே கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையை வெட்டி
பதினொரு டிக்கெட் செய்துவிட்டான்.
நாலு பேருக்குப் பதினொன்று எதற்கடா?
"திரும்பி வர வேண்டாமா?"
அப்போதும் மூன்று மிச்சம்.
அது கூட்டம் வந்தால் கொடுக்க.

என் பையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, ஹாம்,
தண்ணீர் பாட்டில் இரண்டு,
உள்ஜிப்பில் முப்பத்தோரு யூரோ.
அது வியாழன் வரைக்கும்.

தலைநகரம் சின்னது.
காலையில் தொடங்கினால் பசிக்கும் முன் முடிந்துவிடும்.
அரண்மனை வாசலில் காவலன் திரும்பினான், நடந்தான், திரும்பினான்.
கிஸ்லேன் ஒவ்வொரு உணவகத்தின் முன்னும் நின்று
மெனுவைக் கடைசி வரி வரை படித்தான்,
வழக்கறிஞர் பத்திரம் படிப்பதுபோல.
கண்ணாடிக்குப் பின்னால் கைப்பைகள்.
எதிலும் விலைச்சீட்டு இல்லை.
"அப்ப இதுவும் இலவசமா?" என்றாள் மயேல்.
எட்டு வயது. கிண்டலா என்று தெரியவில்லை.

பிறகுதான் அந்த லிஃப்டைக் கண்டோம்.
பாறையை ஒட்டி நிற்கும் கண்ணாடிக் கூண்டு.
மேலே ஊர், கீழே பள்ளத்தாக்கு,
அங்கே ஓட்டுக் கூரைகள், ஒரு மெலிந்த ஆறு.
ஏறினோம், இறங்கினோம், ஏறினோம்.
யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை.
நான்காம் தடவை பசீல் கதவருகே நின்று
மிச்ச டிக்கெட்டை நீட்டத் தொடங்கினான்.
சைக்கிள்காரர் வாங்கித் தலைக்கவசத்தில் செருகிக்கொண்டார்.
காதில் கருவி மாட்டிய மாணவன் பார்க்கவே இல்லை,
அவன் பைமேல் வைத்துவிட்டான்.
கடைசி ஒன்று சாம்பல் கோட்டுப் பெண்ணுக்கு.
போனில் போர்த்துகீசியம் பேசிக்கொண்டிருந்தவள்
பேச்சை நிறுத்தாமலே
பசீலின் உள்ளங்கையில் இரண்டு யூரோ வைத்தாள்.

கதவு திறந்தது. நாங்கள் கீழே இறங்கினோம்.
எதையோ மறந்தவள்போல் அவள் இறங்காமல் மேலேயே போனாள்.
"நாங்கள் கேட்கவில்லை"
என்றான் கிஸ்லேன், உயர்ந்துபோகும் கண்ணாடியிடம்.
நாணயத்தை அதை நோக்கி நீட்டியபடி நின்றான்.
கூண்டு திரும்பி வந்தது.
உள்ளே ஒரு நாய், நாயின் சொந்தக்காரர்.

அந்த முகம் எனக்குத் தெரியும்.
ஆலையிலிருந்து கடிதம் வந்த அன்று
அதை உறைக்குள் திரும்ப மடித்து வைத்த முகம்.

ஆற்றோரம் ஈர பெஞ்சில் ரொட்டியைப் பிரித்தேன்.
ஒருவரும் பேசவில்லை.
வாய் நிறைய ரொட்டியோடு மயேல் சொன்னாள்:
"இன்னைக்கு நம்ம வீட்டுல
சம்பாதிச்சது பசீல் மட்டும்தான்."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.
கிஸ்லேனுக்கு முதலில் தோள் குலுங்கியது.
அழுகிறான் என்றே நினைத்தேன்.
சிரிப்பு. ஹாம் தொண்டையில் சிக்கி,
முதுகில் நான் நாலு அறை அறைந்து,
கண்ணில் நீர் வழிய அவன் மறுபடி சிரித்து,
எதற்கென்று தெரியாமல் பசீலும் சிரித்து,
மூன்று வாத்துகள் விலகிப் போயின.

ரோடாஞ்சில் இறங்கும்போது பசீல் வாசலை மறித்தான்.
"டிக்கெட்."
என்னுடையதில் வெண்ணெய்க் கறை, ஆனாலும் செல்லும்.
கிஸ்லேன் சட்டையைத் தடவினான், கால்சட்டையை,
மறுபடி சட்டையை.
இல்லை.
கதவு பீப் பீப் என்றது.
பசீல் யோசித்து, வழிவிட்டான்:
"இந்த ஒரு தடவை."

இரண்டு யூரோவை அவன் இன்னும் செலவழிக்கவில்லை.

வியாழக்கிழமை, படிவங்களோடு
கிஸ்லேன் வேலைவாய்ப்பு அலுவலகம் கிளம்பினான்.
சட்டைப்பை விளிம்பில் அட்டை ஒன்று,
சேவலின் சிவப்புக் கொண்டை பாதி தெரிய.
எல்லைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸுக்குக் காசு உண்டு.
நான் சொல்லவில்லை.